பல்கலைக்கழகம் நடத்தும் ஸ்டெம் பள்ளியா, பள்ளி மாவட்டமா? கிழக்கு டெக்சாஸ் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்கில், டாலஸிலிருந்து ஏறத்தாழ 100 மைல் தொலைவில் உள்ள டைலர் நகரில் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகமும் ஏராளமானோருக்கு வேலை தருகின்றன. அந்த வேலைகளுக்காக அங்கே குடிபெயரும் குடும்பங்கள் வீடு பார்க்கும்போதே பிள்ளையின் பள்ளியையும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாக அமைப்புக்கு அங்கே பள்ளி மாவட்டம் என்று பெயர்; வீட்டு முகவரி எந்தப் பள்ளி மாவட்டத்துக்குள் வருகிறதோ அந்த மாவட்டத்தின் பள்ளியில் இடம் உறுதி. அதற்கு மாற்றாக, டைலரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் தானே நடத்தும் யூனிவர்சிட்டி அகாடமி என்னும் சார்ட்டர் பள்ளி இருக்கிறது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் சேர்த்து ஸ்டெம் என்று சொல்லப்படும் பாடங்களை மையமாக வைத்து, பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளியாகவே அது நடத்தப்படுகிறது. இவ்விரண்டைத் தவிர, கல்லூரிப் பாடங்களைப் பள்ளிக் காலத்திலேயே முடிக்கச் செய்யும் இரு வேறு வழிகளும் உள்ளன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதைப் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்குமான ஒரே முடிவாக எடுப்பதுதான் பெற்றோர் செய்யும் பெரிய பிழை. எட்டாம் வகுப்பு வரையிலான முடிவு வேறு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு வேறு. முதல் பகுதிக்கு யூனிவர்சிட்டி அகாடமி போன்ற பள்ளியின் பக்கம் நியாயம் கூடுதலாக இருக்கிறது. இரண்டாம் பகுதியில் அந்த நியாயம் பல பிள்ளைகளுக்குக் குறைந்துவிடுகிறது. ஏன் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் ஒரு பள்ளியை நடத்தி, கற்பிக்கும் முறைகளை அங்கே சோதித்துப் பார்ப்பது புதிய வழக்கமன்று. ஜான் டூயி 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பள்ளியே இவ்வகையில் பலருக்கும் முன்மாதிரி. ஆனால் அது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. அரசுப் பணத்தில், தனி ஒப்பந்தத்தின்படி, மாவட்ட நிர்வாகத்துக்கு வெளியே இயங்கும் சார்ட்டர் பள்ளி என்னும் ஏற்பாடு 1991-இல் மின்னசோட்டா மாநிலம் சட்டம் இயற்றிய பிறகுதான் வந்தது. டெக்சாஸ் 1995-இல் தன் சட்டத்தை இயற்றியது. பொதுப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளுக்கென்று இம்மாநிலக் கல்விச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. டைலரில் உள்ள பள்ளி 2012-இல் இன்னொவேஷன் அகாடமி என்ற பெயரில் சில வகுப்புகளோடு தொடங்கி, ஆண்டுதோறும் வகுப்புகளைக் கூட்டிக்கொண்டு வளர்ந்து, பின்னர் இப்போதைய பெயரைப் பெற்றது. டைலர், லாங்வியூ, பாலஸ்டீன் ஆகிய மூன்று ஊர்களிலும் அதற்கு வளாகங்கள் உள்ளன. மேற்கு டெக்சாஸில் ஒடெசா நகரில் பெர்மியன் பேசின் பல்கலைக்கழகம் நடத்தும் ஸ்டெம் அகாடமியும் இதே டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழுமத்தைச் சேர்ந்ததுதான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். ‘பல்கலைக்கழகம்’, ‘ஸ்டெம்’ என்ற இரு சொற்களும் சேர்ந்து வரும்போது, நுழைவுத் தேர்வு எழுதி இடம் பிடிக்க வேண்டிய பள்ளி என்றே நம்மவர் பலர் கருதிவிடுகின்றனர். அப்படியில்லை. அது கட்டணமில்லாத அரசுப் பள்ளி. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வந்தால் குலுக்கல் முறையில்தான் சேர்க்கை நடக்கும். உடன்பிறந்தோருக்கு முன்னுரிமை தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. மாநிலத்தின் ஸ்டார் தேர்வை எல்லாப் பிள்ளைகளையும் போல அங்குள்ள பிள்ளைகளும் எழுதுகிறார்கள். ஆகவே, ‘என் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டது’ என்பது பிள்ளையின் திறமைக்குக் கிடைத்த சான்றிதழ் அன்று. வகுப்பில் உட்காரும் மற்ற பிள்ளைகளும் குலுக்கலில் வந்தவர்களே என்பதால், மிக வேகமாக முன்னேறும் பிள்ளைகள் மட்டுமே நிறைந்த வகுப்பை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாற்றமடைவார்கள்.

‘ஆய்வகப் பள்ளி’ என்பதற்கு நடைமுறையில் என்ன பொருள் என்பதையும் கேட்டறிய வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பார்கள், சில பாடங்களை நடத்தவும் செய்வார்கள். 1997-இல் ஆஸ்டினில் தொடங்கப்பட்ட யூடீச் திட்டத்தில், அறிவியலும் கணிதமும் படிக்கும் இளங்கலை மாணவர்கள் படிப்பின் தொடக்கத்திலேயே பள்ளி வகுப்பறைக்கு அனுப்பப்படுகிறார்கள். டைலர் பல்கலைக்கழகமும் அந்தத் திட்டத்தைப் பின்பற்றுகிறது. சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் நன்மையே. வகுப்பில் கூடுதலாக ஒரு பெரியவர் இருப்பதும், இருபது வயதுப் பொறியியல் மாணவி ஒருத்தி அருகில் அமர்ந்து கியர் ஏன் சுழலவில்லை என்று சேர்ந்து யோசிப்பதும் எந்தப் பாடநூலும் தர முடியாத ஊக்கம். ஆனால், உயர்நிலை வகுப்பில் கால்குலஸ் பாடத்தை யார் நடத்துகிறார், அவர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்பதைக் கேட்காமல் இருக்கக் கூடாது. டெக்சாஸ் சார்ட்டர் பள்ளி ஆசிரியருக்கு இளங்கலைப் பட்டம் கட்டாயம். சிறப்புக் கல்வி, இருமொழிக் கல்வி போன்ற பிரிவுகளைத் தவிர மற்றவற்றுக்கு மாநில ஆசிரியர் சான்றிதழைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. பள்ளி தானாகவே சான்றிதழைக் கேட்கிறதா என்பதை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளை வைத்து ஆய்வு நடத்துவார்களோ என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. பெற்றோரின் ஒப்புதல், பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி ஆகிய தடுப்புகள் இருப்பதால் நான் இதை ஒரு பெரிய குறையாகக் கருதவில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆய்வகப் பள்ளி ஒருபடி மேலே சென்று, பாடத்திட்டங்களைச் சோதிக்க ஏற்றவாறு மாநில மக்கள்தொகையை ஒத்த மாணவர் கூட்டம் அமையும்படி குலுக்கலையே வகுத்து நடத்துகிறது. இத்தகைய பள்ளிகள் எந்த நோக்கத்துக்காக உருவாயின என்பதை நினைவில் கொள்ள அது உதவும்.

இனி வகுப்பறைக்குள் வருவோம். யூனிவர்சிட்டி அகாடமியின் பொறியியல் பாடங்கள் ‘ப்ராஜெக்ட் லீட் த வே’ என்னும் அமைப்பின் பாடத்திட்டத்தைச் சார்ந்தவை. அமெரிக்காவெங்கும் மாவட்டப் பள்ளிகளும் பயன்படுத்தும் பாடத்திட்டம்தான் அது. வேறுபாடு என்னவென்றால், பெரும்பாலான மாவட்டப் பள்ளிகளில் அது ஒரு விருப்பப் பாடம். இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் சிறு வகுப்பிலிருந்தே பொதுப் பாடம்.

அந்தப் பாடத்தின் நடைமுறையில் நான் மிகவும் மதிப்பது பொறியியல் நோட்டுப் புத்தகம். அதன் பக்கங்களைக் கிழிக்கக் கூடாது. பேனாவால்தான் எழுத வேண்டும். தவறாகப் போட்ட படத்தை அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த படத்தை வரைய வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் கையெழுத்தும் இருக்க வேண்டும். காகித அட்டையில் ஒரு பாலம் கட்டச் சொன்னால், பிள்ளை முதலில் வரைந்த பாலம், அது எங்கே வளைந்தது என்ற குறிப்பு, எவ்வளவு எடை தாங்கியது என்ற அட்டவணை, மாற்றி வரைந்த இரண்டாவது பாலம் ஆகிய அனைத்தும் வரிசையாக அந்த நோட்டில் கிடைக்கும். பள்ளியைப் பார்க்கப் போகும் நாளில் சுவரில் ஒட்டியிருக்கும் வண்ணச் சுவரொட்டிகளையும் முப்பரிமாண அச்சுப்பொறியையும் பார்ப்பதைவிட, ஏதேனும் ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அடித்தல்கள் நிறைந்த நோட்டு அங்கே பாடம் உண்மையிலேயே நடக்கிறது என்பதைக் காட்டும். எல்லாப் பிள்ளைகளின் நோட்டிலும் ஒரே படம், ஒரே வாசகம், ஓர் அடித்தலும் இல்லை என்றால், கரும்பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

செயல்திட்ட முறைக் கல்விக்கு ஒரு விலையும் உண்டு. நேரம் நிறையப் போகும். குழுவாகச் செய்யும் வேலையில் ஒரு பிள்ளை உழைக்க மூன்று பிள்ளைகள் மதிப்பெண் வாங்குவது எந்த நாட்டிலும் நடப்பதே. பின்னங்களைக் கூட்டுவதும் நீள்வகுத்தலும் பயிற்சியால் மட்டுமே கைவருபவை என்பதால், அந்தப் பயிற்சிக்குப் பள்ளி தனி நேரம் ஒதுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒதுக்காவிட்டால், மாலையில் பெற்றோர் அந்தக் குறையை நிரப்ப வேண்டியிருக்கும். நம் வீடுகளில் அது எப்படியும் நடக்கத்தான் போகிறது என்பது வேறு விஷயம்.

கணித வேகத்தைப் பொறுத்தவரை, அண்மைக் காலச் சட்ட மாற்றம் ஒன்று இரு பக்கத்தையும் ஓரளவு சமமாக்கிவிட்டது. 2023-இல் டெக்சாஸ் இயற்றிய சட்டத்தின்படி, ஐந்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் முதல் 40 விழுக்காட்டுக்குள் வரும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் மேல்நிலைக் கணிதத்தில் பள்ளியே சேர்த்துவிட வேண்டும். பெற்றோர் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் மட்டுமே விலக்கலாம். இது மாவட்டப் பள்ளிகளுக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். இதன் விளைவாக, எட்டாம் வகுப்பில் முதலாம் அல்ஜீப்ரா படிக்கும் வாய்ப்புக்காக மட்டுமே ஒரு பள்ளியைத் தேடி ஓட வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

எட்டாம் வகுப்பு வரை எனக்கு யூனிவர்சிட்டி அகாடமியே மேலாகத் தோன்றுவதற்குக் காரணம், கையால் செய்து பார்த்துக் கற்கும் வழக்கம் அந்த வயதில்தான் ஊன்றும் என்பதும், சிறிய பள்ளியில் ஆசிரியர்கள் எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அறிந்திருப்பார்கள் என்பதுமே. மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் நான்காம் வகுப்பு வரை வகுப்புக்கு 22 பிள்ளைகள் என்ற சட்ட வரம்பு இருக்கிறது, விலக்குகளும் உண்டு. சார்ட்டர் பள்ளிகளை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது என்பதால், நீங்கள் சேரப்போகும் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் கணக்கு மாறுகிறது. டெக்சாஸில் பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கை, வகுப்பில் பிள்ளை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைப் பெரிதும் சார்ந்தது. 1997-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பள்ளியில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் இதற்கு விலக்கு. மாநில மாணவருக்கான இடங்களில் 75 விழுக்காட்டுக்கு மேல் இவ்வழியில் நிரப்ப வேண்டியதில்லை என்பதால் அது தன் வரம்பை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. பல ஆண்டுகளாக முதல் 6 விழுக்காடாக இருந்த அந்த வரம்பு, 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது.

சிறிய பள்ளியில் இந்த விழுக்காட்டுக்கு என்ன பொருள் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 பேர் கொண்ட பன்னிரண்டாம் வகுப்பில் முதல் 5 விழுக்காடு என்பது 3 பேர். 700 பேர் கொண்ட மாவட்டப் பள்ளியில் அது 35 பேர். விகிதம் ஒன்றுதான் என்று சொல்லலாம். ஆனால் 60 பேர் வகுப்பில் ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு பாடத்தில் வழுக்கி விழுந்த பிள்ளை மூன்றாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்குப் போனால் வாய்ப்பே போய்விடும். 700 பேரில் அதே வழுக்கல் பத்தாம் இடத்திலிருந்து பதினைந்துக்குத் தள்ளினாலும் ஒன்றும் ஆகிவிடாது. சிறிய பள்ளியில் நன்கு படிக்கும் நான்கைந்து நண்பர்கள் மூன்று இடங்களுக்குப் போட்டியிடும் நிலை வரும். அந்த வயதில் அது நட்புக்கு நல்லதன்று. மூன்று வளாகங்கள் கொண்ட பள்ளியில் தரவரிசை வளாகம் வாரியாகக் கணக்கிடப்படுகிறதா, சேர்த்துக் கணக்கிடப்படுகிறதா என்பதை எழுத்து வடிவில் கேட்டு வாங்குங்கள். அதோடு, ஆஸ்டினில் தானாகக் கிடைக்கும் இடம் பல்கலைக்கழகத்துக்கானதே தவிர, பொறியியலுக்கோ கணினி அறிவியலுக்கோ அது உத்தரவாதம் தராது.

இரண்டாவது, கல்லூரிப் பாடங்கள். பள்ளியிலேயே கல்லூரிக்கும் சேர்த்து மதிப்பு தரும் ட்யூயல் கிரெடிட் பாடங்கள்தான் பல்கலைக்கழகம் நடத்தும் பள்ளியின் பெரிய கவர்ச்சி. கல்லூரிப் பாடத்துக்குத் தகுதியுள்ளவர் என்பதைக் காட்டும் மாநிலத் தேர்வில் தேறினால், உயர்நிலை மாணவர் பல்கலைக்கழகப் பேராசிரியரிடமே பாடம் படிக்கலாம். டெக்சாஸ் பொதுக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவான 42 மதிப்பலகு (கிரெடிட்) கொண்ட அடிப்படைப் பாடத் தொகுதி ஒன்று இருக்கிறது. ஒரு கல்லூரியில் படித்து முடித்ததை மாநிலத்துக்குள் மற்றொரு பொதுக் கல்லூரி ஏற்க வேண்டும். டெக்சாஸிலேயே படிக்கப்போகிற பிள்ளைக்கு இது ஓராண்டுப் படிப்பையும் அதற்கான செலவையும் மிச்சப்படுத்தும்.

மாநிலத்துக்கு வெளியே, குறிப்பாகப் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில், இந்த மதிப்பலகுகளுக்கு இதே வரவேற்பு இருக்கும் என்று எண்ண வேண்டாம். அங்கே, பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் ஏ.பி. பாடங்களும் அவற்றின் பொதுத் தேர்வும் அதிகமாகப் பேசும், ஏனெனில் அந்தத் தேர்வைப் பள்ளி அல்லாத வெளி அமைப்பு நடத்தி ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுகிறது. டெக்சாஸ் பொதுக் கல்லூரிகளும் பொதுவாக மூன்று எடுத்தாலே மதிப்பலகு தருகின்றன.

மருத்துவப் படிப்பைக் கனவு காணும் வீடுகளில் இன்னொரு செய்தி போதிய அளவு தெரியாமல் இருக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில், பள்ளி நாட்களில் எடுத்த ட்யூயல் கிரெடிட் பாடங்கள் உட்பட எல்லாக் கல்லூரி மதிப்பெண்களையும் காட்ட வேண்டும். அவை கூட்டுச் சராசரியில் சேரும். பதினாறு வயதில் கல்லூரி வேதியியலில் வாங்கிய ‘சி’ இருபத்திரண்டு வயதில் விண்ணப்பத்தில் எதிரே நிற்கும். ஏ.பி. தேர்வில் குறைவாக எடுத்தால் அதை அனுப்பாமல் விட்டுவிடலாம். ட்யூயல் கிரெடிட்டில் அந்த வசதி இல்லை. அதற்காகவே அதை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போகும் வேகத்தைப் பிள்ளையின் உண்மையான ஆயத்தத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பதினொன்றாம் வகுப்பிலேயே அறிவியல் பாடங்களைக் கல்லூரியில் எடுக்காமல், வரலாறு, ஆங்கிலம், அரசியல் ஆகியவற்றோடு தொடங்குவது பெரும்பாலும் பாதுகாப்பானது.

இப்போது மாவட்டத்தின் பக்கம். டைலர் மாவட்டத்தில் டைலர் உயர்நிலைப் பள்ளி, டைலர் லெகசி உயர்நிலைப் பள்ளி என இரண்டு பெரிய பள்ளிகள் உள்ளன; இரண்டுக்கும் 2020-இல் பெயர் மாற்றப்பட்டது. உள்ளாட்சிச் சொத்து வரியிலிருந்து நிதி பெறுவதாலும், வாக்காளர் ஒப்புதலோடு கடன் பத்திரம் வெளியிட முடிவதாலும் மாவட்டங்களால் பெரிய கட்டடங்களைக் கட்ட முடிகிறது. சார்ட்டர் பள்ளிக்குச் சொத்து வரி உரிமை இல்லை. அது பெரும்பாலும் மாநிலம் மாணவர் வருகைக் கணக்கில் தரும் பணத்தில் வாழ்கிறது. இந்த வேறுபாடு வகுப்பறையைவிட வெளியேதான் கண்ணில் படும். இசைக்குழு, ஆர்க்கெஸ்ட்ரா, நாடகம், நீச்சல், விவாத அணி, வேளாண் வகுப்பு, பற்றவைப்புப் பயிற்சிக் கூடம் என்று ஆயிரக்கணக்கான மாணவர் கொண்ட பள்ளியால் மட்டுமே தாங்கக்கூடிய வாய்ப்புகள் அங்கே இருக்கும். அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த ஆட்டத்தின் புகழ்பெற்ற வீரர் ஏர்ல் கேம்பல் விளையாடிய ஊர் இது. பக்கத்து வைட்ஹவுஸ் பள்ளியிலிருந்து அதன் இன்னொரு நட்சத்திர வீரர் பேட்ரிக் மஹோம்ஸ் வந்திருக்கிறார். இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நினைக்கும் பெற்றோர், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, பள்ளி ஆட்டங்கள் நடக்கும் வெள்ளிக்கிழமை இரவு எங்கே நிற்க வேண்டும் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணிதத்திலோ கணினியிலோ மிகவும் முன்னே ஓடும் பிள்ளைக்கும் பெரிய பள்ளிதான் பெரும்பாலும் பொருந்துகிறது என்பது கேட்பதற்கு முரணாகத் தோன்றலாம். ஆனால் காரணம் எளிது. ஏ.பி. கால்குலஸின் இரண்டாம் நிலை, ஏ.பி. இயற்பியலின் கால்குலஸ் சார்ந்த பாடம் போன்றவற்றுக்கு ஒரு வகுப்பு நிரம்பும் அளவு மாணவர் இருந்தால்தான் பள்ளியால் ஆசிரியரை ஒதுக்க முடியும். 60 பேரில் அத்தகையோர் மூவர் இருந்தால், அவர்களைக் கல்லூரி வகுப்புக்கு அனுப்புவதே சிறிய பள்ளிக்கு எளிது. பல்கலைக்கழக வளாகம் அருகில் இருப்பதால் டைலரில் அது நடக்கக்கூடியதே. ஆனாலும் பதினாறு வயதுப் பிள்ளை தன் வயதொத்த, தன் ஆர்வமொத்த இருபது பேரோடு உட்கார்ந்து கணக்குப் போடும் அனுபவம் வேறு.

சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றோருக்கு என் பரிந்துரை தெளிவானது. கூட்டரசுச் சட்டம் இரு வகைப் பள்ளிகளையும் ஒன்றுபோலக் கட்டுப்படுத்துகிறது. சார்ட்டர் பள்ளி அத்தகைய பிள்ளையை மறுக்க முடியாது. எனினும் பேச்சுப் பயிற்சியாளர், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்), தனி வகுப்பறை என்று பலதரப்பட்ட வசதிகளைப் பெரிய மாவட்டத்தால்தான் ஓர் இடத்தில் வைத்திருக்க முடியும். டெக்சாஸில் ஏ.ஆர்.டி. என்று அழைக்கப்படும் குழுதான் பிள்ளைக்கு என்ன சேவை என்பதை முடிவு செய்கிறது. இரு பள்ளிகளிலும், இதே தேவையுள்ள பிள்ளைகளுக்கு இப்போது யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பணி செய்கிறார் என்று நேரடியாகக் கேளுங்கள்.

நிர்வாகத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கும் அறங்காவலர்களை ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். குடியுரிமை பெற்ற பெற்றோர் தேர்தலில் நிற்கவும் செய்யலாம். பல்கலைக்கழகப் பள்ளி இறுதியில் பல்கலைக்கழகத் தலைமைக்கும், ஆளுநர் நியமிக்கும் ஆட்சிக் குழுவுக்கும் கட்டுப்பட்டது. ஏதேனும் பிடிக்கவில்லை என்றால் பெற்றோரின் ஆயுதம் வாக்கு அன்று, விலகிப் போவதுதான்.

மூன்றாவது வழி, டைலர் மாவட்டம் டைலர் ஜூனியர் கல்லூரியோடு சேர்ந்து நடத்தும் எர்லி காலேஜ் உயர்நிலைப் பள்ளி. இத்தகைய பள்ளிகளில் மாணவர் கட்டணமின்றி 60 மதிப்பலகு வரை ஈட்டலாம். கல்லூரிக்கு முதன்முதலாகப் போகும் தலைமுறைப் பிள்ளைகளை மனத்தில் வைத்து மாநிலம் இதை வடிவமைத்தது. பெற்றோர் இருவரும் பட்டதாரிகளாக உள்ள வீட்டுக்கு இதில் மற்ற வழிகளைவிடக் கூடுதல் பயன் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

நான்காவது வழி டென்ட்டன் நகரில் வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள டேம்ஸ் என்னும் கணித அறிவியல் அகாடமி. மாநிலச் சட்டமன்றம் 1987-இல் உருவாக்கிய இந்த அமைப்பில், பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் தேர்வு செய்யப்பட்டு, விடுதியில் தங்கி, உயர்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளைக் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளாகப் படிக்கிறார்கள். கல்விக் கட்டணம் இல்லை; விடுதிக்கும் உணவுக்கும் குடும்பம் பணம் கட்ட வேண்டும். ஸ்டெம் பள்ளி என்றதும் பல பெற்றோர் மனத்தில் தோன்றும் படம் உண்மையில் இதுதான்: போட்டியிட்டு நுழைந்து, தன்னைப் போன்றவர்களோடு வாழ்ந்து, ஆய்வகத்தில் பேராசிரியரோடு வேலை செய்வது. சேர்வதற்குள் இரண்டாம் அல்ஜீப்ரா முடித்திருக்க வேண்டும் என்பதால், எட்டாம் வகுப்பில் முதலாம் அல்ஜீப்ரா படித்த பிள்ளைக்குத்தான் இவ்வழி இயல்பாகத் திறக்கும். பதினாறு வயதில் வீட்டைவிட்டுப் போக விரும்பும், போகக்கூடிய பிள்ளைக்கு இதற்கு இணையாக மேற்சொன்ன எதுவும் இல்லை. அழைத்துவந்து அறையில் விட்ட பிறகும் துணி துவைக்கவும் காலையில் எழவும் தொலைபேசியில் நினைவூட்ட வேண்டியிருக்கும் பிள்ளைக்கு இது வேண்டாம்.

தனியார் பள்ளிகளும் உள்ளன. 2025-இல் டெக்சாஸ் இயற்றிய சட்டம் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு மாநில நிதியைப் பெற வழி செய்துள்ளது. ஆனால் இப்பகுதியில் அறிவியல் ஆய்வக வசதிக்காகத் தனியார் பள்ளியைத் தேட வேண்டிய காரணம் எனக்குப் புலப்படவில்லை.

மேலே சொன்ன ஒப்பீடு டைலர் நகருக்குள் இருப்பவர்களை மனத்தில் வைத்தது. லாங்வியூவிலும் பாலஸ்டீனிலும் தராசு வேறு பக்கம் சாயும். பாலஸ்டீன் சிறிய ஊர். அங்குள்ள மாவட்ட உயர்நிலைப் பள்ளியும் டைலரின் பள்ளிகள் அளவுக்குப் பெரியதன்று என்பதால், பெரிய பள்ளியின் பன்முகம் என்ற வாதம் அங்கே வலுவிழக்கிறது. அங்கு இருப்பவர்களுக்கு உயர்நிலையிலும் யூனிவர்சிட்டி அகாடமியையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் கல்லூரிப் பாடங்கள் அந்த வளாகத்திலேயே நேரில் நடக்கின்றனவா, திரையில் நடக்கின்றனவா என்பதை அறிந்த பிறகே.

போக்குவரத்து பலரும் கடைசியில் நினைவுகூரும் செய்தி. மாவட்டம் மஞ்சள் பேருந்து அனுப்பும். சார்ட்டர் பள்ளி பேருந்து அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலும் காலையும் மாலையும் பெற்றோர் காரில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். மருத்துவமனையில் காலை ஏழு மணிக்குப் பணிமுறை தொடங்கும் வீட்டில், இருவரில் யார் அந்த வரிசையில் நிற்பது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பேசிக்கொள்வது நல்லது.

விண்ணப்பம் இடும் காலம் பொதுவாகப் பள்ளி தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்னரே வந்துவிடும். டைலருக்கு வேலை உறுதியானதும், வீடு முடிவாகும் முன்பே, குலுக்கலுக்கான கடைசித் தேதியைப் பாருங்கள். ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்பில் சேர்வதற்கு இடம் கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தால், மாவட்டப் பள்ளியில் சேர்த்துவிட்டு அந்தப் பட்டியலில் பெயரை விட்டுவைப்பதில் இழப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்புத் தொடங்கிய பிறகு அழைப்பு வந்தால், உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏற்கனவே ஈட்டிய மதிப்பெண்கள் புதிய பள்ளியின் தரவரிசையில் எப்படிக் கணக்கிடப்படும் என்பதையும், முன்பு எடுத்த மேல்நிலைப் பாடங்களுக்கு அங்கே கூடுதல் எடை உண்டா என்பதையும் இரு பள்ளிகளின் ஆலோசகர்களிடமும் கேட்டு, விடையை மின்னஞ்சலில் பெற்றுக்கொண்ட பிறகே மாற்றத்தைப் பற்றி யோசியுங்கள்.